பாய்மரத் தெரு வீடுகள் அவிழும் நாள்

மாதா கோயில் திருவிழாவுக்காகத் தூத்துக்குடிக்கு மட்டும் விடுமுறை விடுகிற அந்த ஒரு நாளில், பழைய துறைமுகத்தின் காலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும், பாய்மரத் தெருவிலுள்ள வீடுகளெல்லாம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி, கட்டவிழ்த்துவிட்ட தோணிகளைப்போல ஆடி அசைந்து நகரத் தொடங்கும் என்பதும், மாலைச் சங்கு ஊதுகிறபோது எந்த வீடு எங்கே நிற்கிறதோ அங்கேயே உட்கார்ந்து மறுவருஷத் திருவிழா வரைக்கும் அசையாது என்பதும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் எழும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. எழும்பினால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். முந்தின நாளே மின்வாரியத்துக்காரர்கள் ஏணியோடு வந்து ஒயர்களைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போவார்கள். குடிதண்ணீர்க் குழாயை அடைப்பார்கள். போலீஸ்காரர்கள் தெருமுனையில் தடுப்பு வைத்து, வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களும் வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டு நிலையிலும் ஓர் இரும்பு வளையம் உண்டு, அதில் தோணிக் கயிற்றைக் கட்டி, தெருவில் நட்ட தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் ஆள் நின்று பிடித்துக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோருமாகச் சேர்ந்து இழுத்து அவரவர் மனைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

வீடு எந்தப் பக்கம் போகும் என்பதிலும் குழப்பம் கிடையாது. உள்ளே இருக்கிறவர்களின் மனசு எதை விடாமல் நினைக்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஆள் இல்லாத வீடு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். பாகப்பிரிவினைச் சண்டையில் இருந்த நாலு அண்ணன் தம்பிகளின் வீடு ஒரு வருஷம் நடுத்தெருவில் பம்பரமாகச் சுற்றியது. ஒருசந்தி நோன்பு இருந்த புண்ணியவதி ஒருத்தியின் வீடு பரோட்டாக் கடை வாசலில் போய் நின்று, அந்த அம்மாள் அழுதுவிட்டாள். இப்படியெல்லாம் நடப்பதால், விடுமுறையில் பார்த்ததை மறுநாள் பேசக்கூடாது என்று தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மறுநாள் யாரும் பேசமாட்டார்கள். அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுவார்கள், அதுவும் மைக்கில்.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமாகி வருகிற பெண்ணை, அடுத்து வருகிற விடுமுறை நாளில் புருஷனோடு வீட்டுக்குள் உட்காரவைத்து, கயிற்றைத் தளர்த்தி விடுவார்கள். வீட்டுக்கு அவள் கனம் தெரியவேண்டும் என்பார்கள். அந்த மரியாதை சகாயமலருக்குக் கிடைக்கவில்லை. அவள் கோவில்பட்டிப் பெண். புருஷன் கில்பர்ட் மச்சாது பாய்மரத் தெருவில் பிறந்தவன், புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கல்யாணத்துக்கு முன்பே மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனவன். அவன் அம்மா இறந்தபின் தெருவிலுள்ள மச்சாது வீடு பூட்டியே கிடந்தது. விடுமுறைக்கு விடுமுறை அவன் மட்டும் காலையிலேயே கிளம்பிப் போவான். "காலி வீடுதான, அடுத்த வீடு வந்து முட்டாமப் பாத்துக்கணும். நான் ஒருத்தன் போதும்" என்பான். போய்விட்டு, உள்ளங்கை சிவக்க, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வருவான்.

அந்த வெளிச்சம்தான் சகாயமலருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணப் பந்தியில், அவன் சித்தி ஒருத்தி, பக்கத்தில் மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல், "எதுத்த வீட்டு ஐரினுக்கு விழவேண்டிய மாலை" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். கேட்டவள் மறக்கவில்லை. அந்த ஐரினை அவள் பார்த்ததில்லை, அதனால் நினைக்க நினைக்க அழகாகிக்கொண்டே போனாள் ஐரின். குழம்பில் உப்புக் கூடிப்போனால், ஐரின் என்றால் சரியாகப் போட்டிருப்பாள் என்று இவர் நினைப்பாரோ என்று மலர் நினைத்தாள். இரண்டாவது பிரசவத்துக்குப்பின் இடுப்பு பெருத்தபோது, கல்யாணமே ஆகாத அந்த ஐரினுக்கு இடுப்பு கொடிமாதிரி இருக்கும் என்று நினைத்தாள். காலையில் பல் தேய்க்கும்போதும் ராத்திரி ஜெபம் சொல்லி முடித்தபின்பும் நினைத்தாள். ஊரில் ஒருத்திக்கு மாமியார் கொடுமை, ஒருத்திக்குப் புருஷன் குடி, மலருக்கு ஐரின்.

இந்த வருஷம் பிள்ளைகளைக் கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டு, கடுகு நிறப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் கில்பர்ட்.

"உங்க கூடத்தான் வாறேன். ஊரே போய்ப் பாக்குது, நான் பாக்கக் கூடாதா?"

"கூட்டமா இருக்கும்ட்டி. வெயிலு வேற."

"கூட்டத்துல காணாமப் போயிர மாட்டேன். பயப்படாதீங்க."

அவன் பைக்கைச் சாய்த்து அவள் ஏறுவதற்கு வாகாகப் பிடித்தான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேசாமையும் மலரின் சந்தேகக் கணக்கில் சேர்ந்தது.

சங்கு ஊத நேரமிருந்ததால் அவளுக்குப் பழைய துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினான். பருத்திப் பொதிகளை அடுக்கிவைத்த காலத்துக் கிட்டங்கிகள் கூரை இல்லாமல் நின்றன. கல்பாலத்தின்மேல் துருப்பிடித்த தண்டவாளம் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய், போக மனமில்லாமல் நின்றுவிட்டிருந்தது. மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் வெங்காய மூட்டையும் கருங்கல் ஜல்லியும் ஏற்றி முடித்து, விடுமுறை என்பதால் அப்படியே கட்டிப்போட்டிருந்தார்கள். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன் இங்கே நிறுத்தாமல் பேசினான். இந்த மூலையில் பிள்ளைகளெல்லாம் தூண்டில் போடுவோம் என்றான். மலருக்கு அந்தப் பிள்ளைகளில் ஒரு பாவாடை தெரிந்தது. சுங்கச்சாவடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து போகிற தோணிகளை எண்ணுவோம் என்றான். பக்கத்தில் யார் உட்கார்ந்து எண்ணினது என்று அவள் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்துகொண்டாள். பேக்கரியில் மக்ரூன் வாங்கிக் கொடுத்தான். வாயில் வைத்தால் கரைகிற அதைக் கடகடவென்று கடித்துத் தின்றாள்.

"நல்லாருக்கா?" என்றான்.

"ஏன், உங்க ஆளுகளுக்குப் பிடிக்குமோ?"

"யாரு ஆளுக?"

"சும்மா கேட்டேன்."

அப்போது சங்கு ஊதியது. தெருவே ஒரு மூச்சு இழுத்ததுபோல இருந்தது. சுண்ணாம்பும் கடற்கல்லும் பர்மாத் தேக்குமாகக் கட்டின அந்தப் பெரிய பெரிய வீடுகள், உள்ளே அடுப்பு எரிய, கொடியில் துணி ஆட, ஜன்னலில் குழந்தைகள் கையசைக்க, ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. எழும்பி, குலுங்கி, கொஞ்சம் யோசித்து, தத்தம் ஆசையின் பக்கமாக முகம் திருப்பின. தெருமுனைக் கொட்டகையில் மைக் செட் இன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பீரிஸ் வீட்டுக்காரங்க கவனத்துக்கு. உங்க வீடு ஆஸ்பத்திரி ரோட்டப் பாத்துப் போகுது. கயித்தைச் சுருக்குங்க. அங்க கட்டிக்குடுத்த மகளைப் பாக்கணும்னா ஆட்டோவுல போகலாம், வீட்டோட போகவேண்டாம்."

மச்சாது வீடு பூட்டிய கதவோடு நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிர்த்த வீட்டு வாசலில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் குதிகாலை ஊன்றி நின்றாள். பாதி நரைத்த தலை. தடித்த கண்ணாடி. இடுப்பு மலரின் இடுப்பைவிட ஒரு சுற்று அதிகமாகவே இருந்தது.

"அடேயப்பா, மைனியா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள் அவள். "நான் ஐரின். உக்காருங்கன்னு சொல்ல முடியல, எங்கப்பா உள்ள இருக்காரு. சுகருக்கு இனிப்பே தொடக்கூடாதுன்னுட்டாங்க. வீடு பேக்கரியப் பாத்து இழுக்குது. கில்பர்ட்டண்ணே, அந்த நுனிய ஒரு பிடி பிடிங்க."

இவளா? இவளுக்காகவா இத்தனை வருஷம் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று மலருக்கு முதலில் அவமானமாக இருந்தது. அழகியாக இருந்திருந்தால் தோற்றதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். கட்டிக்கொள்ள இருந்தவனை அண்ணன் என்று கூப்பிட எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும் என்று பிறகு தோன்றியது. அவன் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்ததையும், இருவரும் சொல்லிக்கொள்ளாமலே ஒரே மூச்சில் இழுத்ததையும் பார்த்தபோது, அழகில்லாதவளிடம் மயங்கினவன் அழகுக்காக மயங்கவில்லை, அது இன்னும் மோசம் என்று தோன்றியது.

"சாவியக் குடுங்க" என்றாள் புருஷனிடம்.

"எதுக்கு?"

"நான் உள்ள உக்காரணும். உங்க தெரு வழக்கந்தான? என் கனம் உங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாமா? நீங்களும் வாங்க."

கில்பர்ட்டின் முகம் சுண்டிப்போனது. "வேண்டாம் மலர். சொன்னா கேளு."

"ஏன் வேண்டாம்? வீடு எங்க போகும்னு பயமா இருக்கா?"

அவன் எதிர்வீட்டைப் பார்த்தான். ஐரின் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். போதாதா? மலர் அவன் சட்டைப்பையில் கையைவிட்டுச் சாவியை எடுத்து, ஆடுகிற படியில் சேலையைத் தூக்கிக்கொண்டு ஏறி, கதவைத் திறந்து உள்ளே போய், தூசி படிந்த கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்ததும் வீடு விறைத்தது. அடுத்த நொடி, தூணில் சுற்றியிருந்த கயிறு கில்பர்ட்டின் கையைத் தீய்த்துக்கொண்டு ஓட, மச்சாது வீடு தெருவைக் குறுக்கே கடந்து, நேரே போய், ஐரின் வீட்டின்மேல் டமாரென்று முட்டி நின்றது. ஓடுகள் சரிந்தன. கூடத்தில் தொங்கிய மாமியாரின் படம் கோணியது.

"மச்சாது வீடு எதுத்த வீட்டு மேல ஏறிருச்சு" என்று மைக்கில் அறிவித்த இன்னாசி, பழைய கதை தெரிந்தவராதலால், அடக்கமாட்டாமல், "கில்பர்ட்டு, இத்தனை வருஷம் கழிச்சுமா?" என்றார். தெரு கொல்லென்று சிரிக்க வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. கில்பர்ட் வெளியே, வெறுங்கையோடு, நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குள் இருந்தது அவன் பெண்டாட்டி மட்டும்தான்.

மலருக்கும் அது புரிந்தது. தெரு முழுக்கப் புரிந்துகொண்ட பிறகு புரிந்தது. சேலையைக் கழற்றித் தெருவில் நிறுத்தியதுபோல இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமும் ஐரினை நினைத்து நினைத்து, ஐரினை நினைக்காத நாழிகையே இல்லாமல் வாழ்ந்தது அவன் அல்ல.

இரண்டு வீட்டு ஜன்னல்களும் முட்டிக்கொண்டு ஒன்றுக்கொன்று எதிரே வந்திருந்தன. எதிர் ஜன்னலில் ஐரினின் கண்ணாடி போட்ட முகம் வந்து நின்றது. அவள் சிரிக்கவில்லை.

"மைனி, அழாதீங்க. நான் ஒண்ணு சொல்லுதேன், நம்புனா நம்புங்க" என்றாள். "அண்ணன் என்னைய கேட்டது உண்மதான். நானும் சரின்னுதான் இருந்தேன். கல்யாண ஒப்பந்தத்துக்கு முந்தி, இதே விடுமுறையில, நீங்க இருக்க இதே கூடத்துல ரெண்டு பேரையும் உக்கார வச்சாங்க. எனக்கு இவுக நெனப்பு மட்டும்தான், இவுக பக்கத்துலயே இருக்காக, அப்ப வீடு அசையக்கூடாதுல்ல? ஆனா வீடு கடலப் பாத்துப் போச்சு. தெருவே சேந்து இழுத்தும் நிக்கல. சுங்கச்சாவடிச் சுவர்ல இடிச்சுத்தான் நின்னுச்சு."

"கடலுக்கா?"

"தோணிக்குப் போகணும்னே பிறந்தவுக. அவுக அம்மா காலப் பிடிச்சு அழுது கிரேன் வேலையில ஏத்திவிட்டாங்க. ஒருத்தின்னா அவ முடியப் பிடிச்சு ரெண்டு அறை அறையலாம். கடலோட போட்டி போட எனக்குத் தெம்பு இல்ல மைனி. நான் வேண்டாம்னுட்டேன். அதுக்கப்புறம் விடுமுறையில இவுக இந்தப் படியில கால் வச்சதே கிடையாது."

நம்பமாட்டேன் என்று மலர் முடிவு செய்தாள். இத்தனை வருஷம் வளர்த்ததை ஒரு ஜன்னல் பேச்சில் விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது. தெருக்காரர்கள் வீட்டை இழுத்து மனைக்குக் கொண்டுவந்ததும் இறங்கி, கடுகு நிறத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கயிற்று நுனியைத் தன் கையில் வாங்கினாள்.

"இப்ப நீங்க ஏறுங்க. நான் பிடிக்கேன்."

"மலர்..."

"நான் தெருவுக்கு முன்னாடி நின்னாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன?"

அவன் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிறவன்போல ஏறினான். இன்னாசி மைக்கை அணைத்துவிட்டார்.

வீடு அவசரப்படவில்லை. மெல்லத் திரும்பியது. ஐரின் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தது. கயிற்றோடு நின்ற மலரையும் கடந்தது. கிட்டங்கிகளைத் தாண்டி, கடற்கரைச் சாலையில் ஒதுக்கி நிறுத்தியிருந்த பஸ்களுக்கு நடுவே நெளிந்து, காற்று வந்த திசைக்கு நேராகப் போயிற்று. மலர் பிடித்து இழுத்தாள். கயிறு அவளையும் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் ஓடிவந்து ஐரின் அதே கயிற்றைப் பிடித்தாள். இருவர் தோளும் உரச, இருவர் உள்ளங்கையும் கிழிய, சாலையில் வழுக்கிக்கொண்டே போனார்கள்.

"உங்க வீட்டுக்கே வந்திருக்கலாம்" என்றாள் மலர், மூச்சு வாங்க. அவளுக்கு அழுகை பொங்கிற்று. "உங்க வீட்டுக்கே வந்து தொலைஞ்சிருக்கலாம் இந்த மனுஷன்."

"நானும் அன்னைக்கு அதத்தான் நெனச்சேன். வேற எவ வீட்டுக்காவது போயிருக்கக் கூடாதான்னு."

ஐரின்மேல் இருந்த பொறாமை ஐரினைவிட்டு இறங்கியதை மலர் அந்த இடத்தில்தான் உணர்ந்தாள். ஆனால் அது காணாமல் போகவில்லை. தலையை உயர்த்தி எதிரே பார்த்தாள். பச்சையும் நீலமுமாக, கரைமுழுக்கப் பரந்து, வயசே ஆகாமல், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாததுபோலக் கிடந்தது அது.

கயிற்றை ஐரின் கையில் விட்டுவிட்டு ஓடினாள். நகர்கிற படியைப் பிடித்து, முழங்கால் சிராய்க்க ஏறி, கூடத்தைக் கடந்து அடுக்களைக்குள் நுழைந்தாள். பின்ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கில்பர்ட் நின்றான். மாலையும் கழுத்துமாக அவள் எதிரே நின்ற நாளில்கூட அந்த முகத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது.

"என்னைய என்னைக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்ல" என்றான். கம்பியை விடாமலே, "அதான் உன்னையக் கூட்டிட்டு வரல. நீ தெரிஞ்சுக்க வேண்டாம்னு நெனச்சேன்" என்றான்.

அவனை இழுத்து வெளியே கொண்டுவரத்தான் அவள் ஏறினாள். ஆனால் அவன் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தாள். பார்த்தபின் கண்ணை எடுக்க முடியவில்லை. என்ன இருக்கிறது உன்னிடம், என்னிடம் இல்லாதது என்ன இருக்கிறது உன்னிடம் என்று அவள் உடம்பு முழுக்க, ஐரினை நினைத்ததைவிடப் பலமடங்கு ஆங்காரத்தோடு, கடலை, கடலை மட்டுமே நினைத்தாள். வீடு அதுவரை போன வேகம் ஒரு வேகமே இல்லை என்பதுபோலப் பாய்ந்தது. வெளியே கூச்சல் கேட்டது. கல்யாணமானதிலிருந்து இருவர் நினைப்பும் ஒரே பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

தெருவே ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. தன் வீட்டைப் பேக்கரிக்கு விட்டுவிட்டு வந்திருந்த ஐரின், சுங்கச்சாவடிச் சுவரின் பழைய வளையத்தில் கயிற்றின் நுனியை மாட்டி முடிச்சுப் போட்டாள். முடிச்சு தாங்கியது. பிற்பகல் முழுக்க மச்சாது வீடு அலை நாக்கு தொடுகிற இடத்தில் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றது. யார் இழுத்தும் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. மாலைச் சங்கு ஊதியபோது, கொல்லைப்புறம் ஈரமணலிலும் முன்வாசல் ஊரைப் பார்த்துமாக, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அதே நேரத்தில் பேக்கரியை ஒட்டி உட்கார்ந்தது ஐரின் வீடு. அவள் அப்பா அந்த வருஷம் முழுக்க ஜன்னல் வழியே மக்ரூன் வாசம் பிடித்தார். விடுமுறையில் பார்த்ததை மறுநாள் யாரும் பேசவில்லை. மின்வாரியத்துக்காரர்கள் மட்டும் ஒயர் போதவில்லை என்று புதிதாக ஒரு கம்பம் நட்டார்கள்.

மில்லர்புரத்து வீட்டைக் காலிசெய்துகொண்டு, பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் மலர் அங்கே குடிவந்தாள். கடலைக் கண்காணாத இடத்தில் விட்டுவைக்க அவள் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐரின் வருவாள், இருவரும் உட்கார்ந்து மீன் ஆய்வார்கள். தினமும் வேலைக்குப் போகுமுன் கில்பர்ட் அடுக்களை ஜன்னலில் நின்று காப்பி குடிப்பான். முகம் வெளிச்சமாக இருக்கும். அவன் போய் மறைகிறவரை மலர் காத்திருப்பாள். பிறகு ராத்திரிப் பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கடலின் மூஞ்சியிலேயே ஊற்றுவாள்.